‘பிரச்சினை’க்கு என்ன பெயர்? போரின் வரைவிலக்கணமும் இராணுவக் கோட்பாடும்

எங்கள் வீட்டில் யாரும் ‘போர்’ என்று சொல்வதில்லை. ‘பிரச்சினை’ என்றுதான் சொல்வார்கள். பிரச்சினைக்கு முதல் கட்டின வீடு, பிரச்சினைக்குள் பிறந்த பிள்ளை, பிரச்சினை முடிந்து வாங்கின மாடு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஏழு வயது. ஊடகக் கற்கை படிக்கப் போன பிறகுதான் அந்த இரவுக்கு வேறு பெயர்களும் உண்டென்று அறிந்தேன்: உள்நாட்டுப் போர், ஆயுத மோதல், பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை. எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, கேட்கக்கூடிய கேள்விகளும் மாறுகின்றன.

கோட்பாட்டாளர்களின் போர்

போரின் வரைவிலக்கணம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பிரஷ்ய இராணுவ அதிகாரி கார்ல் வொன் கிளவுஸ்விற்ஸிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1831இல் அவர் இறந்த பின், மனைவி மரீ அவருடைய ‘போர் பற்றி’ என்ற நூலை 1832 முதல் வெளியிட்டார். எதிரியை நமது விருப்பத்துக்குப் பணிய வைக்கும் பலப்பிரயோகமே போர் என்பது அவருடைய விளக்கம். போர் அரசியலிலிருந்து தனித்து நிற்பதில்லை, அது அரசியலின் ஒரு கருவி என்பதையும் அவர் வலியுறுத்தினார். இதன்படி பார்த்தால், களத்தில் கிடைக்கும் வெற்றி மட்டும் ஒரு போரை முடித்து வைப்பதில்லை. போரைத் தோற்றுவித்த அரசியல் கேள்விக்கும் பதில் வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பிறகான எங்கள் நிலையை விளங்கிக்கொள்ள இது உதவும்.

இராணுவக் கோட்பாட்டின் வேலை, படைத்தளபதிகளும் ஆட்சியாளர்களும் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது. அதில் மக்களுக்கு என்ன இடம் என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

மீனுக்குத் தண்ணீர் எப்படியோ, கெரில்லாவுக்கு மக்கள் அப்படி என்ற உவமை மாவோவின் பெயரோடு சேர்ந்தது. அதற்கு எதிர்ப்புறத்தில் நின்று எழுதிய பிரெஞ்சு அதிகாரி டேவிட் கலுலா, 1964இல் வெளிவந்த நூலில், மக்களைத் தம் பக்கம் வைத்திருப்பதே கிளர்ச்சி முறியடிப்பின் இலக்கு என்றார். மலாயாவில் பிரித்தானியர் 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம், கெரில்லாக்களிடமிருந்து பிரிப்பதற்காக ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்களைக் காவலிடப்பட்ட ‘புதிய கிராமங்களில்’ குடியேற்றியது.

இரண்டு தரப்புக் கோட்பாட்டிலும் மக்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒரு வளமாக. வன்னியில் இது எப்படி முடிந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பு வலயங்கள் மீது அரச படைகள் ஷெல் வீசியதையும், மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது.

எண்ணிக்கையின் போர்

ஆய்வாளர்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம், மோதல் தொடர்பான சாவுகள் ஒரு வருடத்தில் 25ஐ எட்டினால் ஆயுத மோதல் என்றும், 1,000ஐ எட்டினால் போர் என்றும் வகைப்படுத்துகிறது. நாடுகளை ஒப்பிட இது பயன்படும். ஆனால் மருந்தில்லாமலும் பட்டினியாலும் பங்கருக்குள் பாம்பு கடித்தும் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

சட்டத்தின் போர்

அரசாங்கம் கடைசிக் கட்டத்தை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. ஆனால், சட்டம் பார்ப்பது பெயரை அல்ல, நடந்ததை. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆவது உறுப்புரை, ஒரு நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதலிலும் சண்டையில் பங்குகொள்ளாதவர்களையும் காயப்பட்டவர்களையும் பாதுகாக்கிறது. அது அரசை மட்டுமன்றி ஆயுதக்குழுவையும் கட்டுப்படுத்தும். இலங்கை இவ்வுடன்படிக்கைகளை 1959இல் ஏற்றது. உள்நாட்டு மோதல்களுக்கான 1977ஆம் ஆண்டின் இரண்டாவது மேலதிக நெறிமுறையில் இணையவில்லை.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1995இல் டாடிச் வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. அரசுக்கும் ஒழுங்கமைக்கப்பட்ட ஆயுதக்குழுவுக்கும் இடையே நீடித்த ஆயுத வன்முறை இருந்தால், அது ஆயுத மோதல். இலங்கையில் நடந்ததும் சர்வதேசத் தன்மையற்ற ஆயுத மோதலே என்று ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை கூறியது. எதிர்த்தரப்பைப் பயங்கரவாதிகள் என்று அழைப்பதால் பொதுமக்களுக்கான பாதுகாப்பு இல்லாமல் போவதில்லை.

ஒரு படிவம்

கொஞ்சக் காலத்துக்கு முன், அயலில் உள்ள மாமி ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கணவருக்கு என்ன நடந்தது என்ற இடத்தில், “பிரச்சினையிலை செத்தவர் எண்டு எழுது பிள்ளை” என்றார். அப்படியே எழுதினேன். பிறகு மனம் கேட்கவில்லை. எந்த மாதம், எந்த இடம், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மார்ச் மாதம். மாத்தளன். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். ஷெல் விழுந்தது. பக்கத்தில் சண்டை நடக்கவில்லை.

அவர் சண்டையில் பங்குகொள்ளாதவர், அது மக்களுக்கென்று அறிவிக்கப்பட்ட வலயம் என்ற இரண்டு விடயங்களும் அந்த நான்கு வரிகளுக்குள் வந்துவிட்டன. சட்டம் தேடுவது இவற்றைத்தான். ‘பிரச்சினை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவை மறைந்து கிடந்தன. பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, மாமி சொன்னபடியே எழுதினோம்.