கைச்சாத்தும் கருவூலமும்: கண்டி நாட்டு நிதி ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

புகழ்பெற்றோரின் கைச்சாத்துகளைத் தேடிச் சேர்த்தல் மேலைநாடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வழக்கத்தின் ஒரு கிளை, திறைசேரி அதிகாரிகளின் கைச்சாத்துகளையும் கடிதங்களையும் சிறப்பாக நாடுகின்றது. 1789 முதல் 1795 வரை அந்நாட்டின் முதலாவது திறைசேரிச் செயலாளராக விளங்கிய அலெக்சாண்டர் ஹமில்டனின் கடிதங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். 1861 முதல் 1875 வரை பொருளாளராக இருந்த பிரான்சிஸ் ஸ்பின்னரோ, போலித்தாள் அடிப்போர் எளிதிற் பின்பற்ற இயலாதவாறு சுழிகள் நிறைந்த கைச்சாத்தொன்றைப் பயின்று அமைத்துக்கொண்டார். பணத்தாள் என்பது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதிக்குப் பிணை நிற்பது கைச்சாத்து. ஆதலின், நிதி அதிகாரியின் கைச்சாத்து அவருடைய பெயரை மட்டுமன்றி, அரசின் நாணயத்தையும் தாங்கி நிற்கின்றது.

இக்கண்கொண்டு கண்டியையும் அதன் சூழலையும் நோக்கின், சேர்ப்போர்க்கும் ஆய்வோர்க்கும் உரிய ஆவணச் செல்வம் இங்கும் உண்டென்பது புலனாகும்.

கண்டி மன்னர் தம் பெயரை எழுதிக் கைச்சாத்திடுவதில்லை. செப்பேடுகளாக வழங்கப்பட்ட 'சன்னஸ்' என்னும் நிலக்கொடைச் சாசனங்களில் 'ஸ்ரீ' என்னும் ஓரெழுத்தே மன்னனின் ஒப்பமாக அமைந்தது. அரச கருவூலத்தின் தலைவர் 'மகா அறமுதலே வண்ணக்கு நிலமே' எனப்பட்டார். நாணயத்தின் தரத்தை நோட்டமிடுவோனை 'வண்ணக்கன்' எனத் தமிழர் வழங்கினர். சங்கப் புலவர் சிலரின் பெயர்களிலும் இச்சொல் அடையாக நிற்கின்றது. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் 'வண்ணக்கர்' என்னும் பதவி நிலைத்துள்ளமையும் ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. கண்டிக் கருவூலத்தின் பதவிப் பெயரொன்றில் தமிழ்ச்சொல்லின் சாயல் தோன்றுதல், பழைய ஆவணத்தை முழுமையாகப் படிப்பதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி அரச மண்டபத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தம் இவ்வகை ஆவணங்களுள் தலையாயது. தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக்குடன் கண்டிப் பிரதானிகள் செய்துகொண்ட இவ்வொப்பந்தத்தில், பிரதானிகள் சிலர் இட்ட ஒப்பங்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் காணப்படுவதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். கைச்சாத்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இத்துடன் அமைந்துவிடுவர். ஆயின், அக்கைச்சாத்துகள் எதற்கு உடன்பட்டன என்பதே வரலாற்று வினாவாகும். ஒப்பந்தத்தின் 11ஆம் வாசகம் கண்டி மாகாணங்களின் அரச வருமானத்தைப் பிரித்தானிய முடிக்கெனப் பிரித்தானிய முகவரின் மேற்பார்வையில் அறவிடுதற்கு வழிசெய்தது. முடி மட்டுமன்றிக் கருவூலமும் கைமாறியது.

அதன் விளைவை அடுத்துவந்த அதிகாரிகளின் தாள்கள் காட்டுகின்றன. வதிவிடப் பிரதிநிதியான ஜோன் டொயிலியின் நாட்குறிப்பும், கண்டி அரசியலமைப்புப் பற்றி அவர் எழுதிய குறிப்பும் பழைய வரிமுறைகளை அறிய இன்றியமையாதன. 1824இல் மறைந்த அவர் கண்டி நகரின் பிரித்தானியர் இடுகாட்டிலே துயில்கின்றார். இறைவரிப் பொறுப்பை வகித்த சைமன் சோவர்ஸ் இன்னொருவர். 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம் நெல் விளைவில் பத்திலொரு பங்கை வரியாக விதித்தது. அரசுக்கு மாறுபடாத பகுதிகளுக்குப் பதினான்கிலொரு பங்கு. இப்பின்னங்களுள் ஒரு போரின் கதை அடங்கியுள்ளது. கண்டியில் வருமான ஆணையாளராக இருந்த ஜோர்ஜ் டர்னரே 1837இல் மகாவம்சத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். வரிக்கணக்கு எழுதிய கையே வரலாற்று நூலையும் நாட்டியது.

பின்னர்க் கண்டிக் குன்றுகளிற் கோப்பி செழித்தது. 1869 முதல் நோயுற்று வீழ்ந்தது. தோட்டங்களுக்குக் கடன்கொடுத்த ஓரியன்ரல் வங்கி 1884இல் முறிந்தது. அதன் தாள்களுக்குத் தேசாதிபதி ஆதர் கோடன் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் தானே நாணயத்தாள் வெளியிடச் சட்டம் இயற்றப்பட்டது. தனியார் வங்கியின் கைச்சாத்து நின்ற இடத்தில் அரசாங்க ஆணையாளரின் கைச்சாத்து வந்தமர்ந்தது.

அமெரிக்க நிதி அதிகாரியொருவரின் கைச்சாத்து இலங்கையர் ஒவ்வொருவர் கையிலும் புழங்கிய காலமும் உண்டு. அமெரிக்க மத்திய வங்கித் துறையைச் சேர்ந்த ஜோன் எக்ஸ்ரர், இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோட்படி 1949இல் மத்திய வங்கி நிறுவுதல் பற்றிய அறிக்கையை அளித்தார். அவ்வாண்டின் 58ஆம் இலக்க நாணயச் சட்டத்தின் வழி 1950 ஓகத்து 28ஆம் நாள் வங்கி தொடங்கியபோது, அவரே முதலாவது ஆளுநரானார். 1951 தைத்திங்கள் 20ஆம் நாளிட்ட ஒரு ரூபா, பத்து ரூபாத் தாள்களில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் கைச்சாத்தும் எக்ஸ்ரரின் கைச்சாத்தும் சேர்ந்துள்ளன. சுதந்திர நாட்டின் தாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவமும் அமெரிக்கரின் ஒப்பமும் ஒருங்கே நிற்றல், அந்நாளைய இலங்கையின் நிலையைப் பல பக்கங்களிலும் தெளிவாக உணர்த்தும்.

இவையெல்லாம் உயர்ந்தோர் கைச்சாத்துகள். மலைநாட்டில் மற்றொரு வகைத் தாளும் இருந்தது. கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை ஒப்பமிட்டுக் கொடுத்த 'துண்டு' அது. துண்டைக் கண்ட மற்றொரு தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். கடனோ பின்னும் ஆட்களின் தலையிலேயே நிற்கும். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டில் ஒப்பமிட்ட துரையின் பெயரைச் சேர்ப்போர் பொருட்படுத்தார். ஆயினும், அத்தாளினால் மனிதர் கட்டுண்டு கிடந்தனர். தமிழ்த் தொழிலாளரின் பொருளியல் வரலாறு எழுதப்படவேண்டுமாயின், ஹமில்டனின் கடிதத்துக்கு அமெரிக்கர் அளிக்கும் மதிப்பை நாம் இத்துண்டுக்கு அளித்தல் வேண்டும்.

கைச்சாத்தை மட்டும் வெட்டியெடுத்து ஏட்டில் ஒட்டுதல் முற்காலச் சேர்ப்போரின் பழக்கம். அவ்வாறு வெட்டப்பட்ட தாளில் பெயர் எஞ்சும். கடன் யாருடையது, வரி எவ்வளவு, யார் கொடுத்தார் என்பன அழியும். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களின் காப்புக்கு வழிசெய்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் ஏட்டுச் சுவடிகளைப் பேணுகின்றது. ஆயினும், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் தோட்டக் கணக்குகளையும் துண்டுகளையும் சட்டம் தேடி வாராது. அவற்றைக் கிழிக்காமல், வெட்டாமல், கிடைத்த இடமும் காலமும் குறித்து முழுமையாகக் காப்பது கற்றோர் கடன். ஒப்பமிட்டவரின் பெயரை உலகம் எவ்வாறாயினும் நினைவிற்கொள்ளும். அவ்வொப்பத்தின் சுமையைத் தாங்கியவரின் பெயரைத் தாள் மட்டுமே அறியும்.