சேர்ந்தவர் 1,54,763, தேறியவர் 7,157: மூக் படிப்புகளில் நாம் எதை எண்ணினோம்?

போன வாரம் பழைய மின்னஞ்சல்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். 2011 அக்டோபர் தேதியிட்ட ஒரு கடிதம் கண்ணில் பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ இங் நடத்திய மெஷின் லேர்னிங் கோர்ஸில் நான் சேர்ந்ததற்கான உறுதிக் கடிதம். காசு கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அதில் நானும் ஒருத்தன்.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் படித்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஆக்டேவில் கணக்குப் போட்டேன். நாலாவது வாரம் ஆபீசில் ரிலீஸ். அதோட சரி, திரும்ப உள்ளே போகவே இல்லை. அந்தக் கோர்ஸின் கணக்குப் புத்தகத்தில் நான் ‘முடிக்காதவன்’.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் கற்ற லாஜிஸ்டிக் ரெக்ரஷனை வைத்து, அடுத்த வருடமே ஆபீசில் வரும் புகார் டிக்கெட்டுகளைத் தரம்பிரிக்கும் ஒரு சின்ன நிரலை எழுதினேன். ரொம்ப நாள் ஓடியது. அப்படியென்றால் அந்தக் கோர்ஸ் என் விஷயத்தில் தோற்றதா, ஜெயித்ததா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மூக் படிப்புகளின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட ஒன்று புரிந்தது. இந்த வரலாறு பெரும்பாலும் ‘எதை எண்ணினார்கள்’ என்பதன் வரலாறுதான்.

பெயர் வந்த கதை

மூக் என்று சொன்னால் எங்கள் வீட்டில் மூக்கு என்றுதான் காதில் விழுகிறது. யார் வேண்டுமானாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்த இணையவழிப் படிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீஃபன் டவுன்ஸ் இருவரும் ஒரு கோர்ஸ் நடத்தினார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர். வெளியிலிருந்து இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். அந்தக் கோர்ஸை ஒட்டித்தான் டேவ் கார்மியர் இந்தப் பெயரை வைத்தார்.

அங்கே பரீட்சையும் சான்றிதழும் முக்கியமே இல்லை. வருபவர்கள் அவரவர் இடத்தில் எழுதுவார்கள், பேசுவார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

லட்சங்களை எண்ணிய காலம்

2011 இறுதியில் எல்லாம் மாறியது. ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் நடத்திய செயற்கை நுண்ணறிவு கோர்ஸில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். நான் சேர்ந்த கோர்ஸும் அதே பருவத்தில் வந்ததுதான். அடுத்த சில மாதங்களில் யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் மூன்றும் பிறந்தன. நியூயார்க் டைம்ஸ் 2012-ஐ ‘மூக் ஆண்டு’ என்றே எழுதியது.

எட்எக்ஸின் முதல் கோர்ஸ், எம்ஐடியின் மின்சுற்றுகள், மின்னணுவியல் பற்றியது. முன்னின்று நடத்தியவர் அனந்த் அகர்வால். நம்ம சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர். அந்தக் கோர்ஸின் கணக்கைப் பாருங்கள்:

சேர்ந்தவர்கள் 1,54,763.
முதல் வீட்டுப்பாடத்தைத் திறந்து பார்த்தவர்கள் 69,221.
அதில் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கியவர்கள் 26,349.
கடைசியில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157.

எங்கள் துறையில் இதை ஃபனல் என்போம். மேலே அகலம், கீழே குறுகல், எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி. இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு இது பழகிய படம். கடைக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை. ஆனால் பத்திரிகைகளுக்கு மேல்முனை எண் மட்டும்தான் வேண்டியிருந்தது. ஒன்றரை லட்சம்! அடுத்த வருடம் அதே பத்திரிகைகள் கீழ்முனை எண்ணைப் பிடித்துக்கொண்டன. தேறியது ஐந்து சதவீதம்கூட இல்லையே!

இரண்டு எண்ணும் உண்மைதான். இரண்டுமே பாதிக் கதைதான். 100 பேர் உட்காரும் வகுப்பில் வருடத்துக்கு ஒரு முறை பாடம் நடத்தினால், 7,157 பேரைத் தேற வைக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆகும். இது என் கணக்கு. இப்படிப் பார்த்தால் அது சாதனை. ஒன்றரை லட்சத்தை வகுப்பறை என்று எடுத்துக்கொண்டால் அதுவே படுதோல்வி.

2013: அடி விழுந்த வருடம்

எண்ணிக்கை பெருகினால் எல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்புக்கு 2013-ல் நல்ல அடி விழுந்தது.

ஜனவரி இறுதியில் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஒருவர் கோர்செராவில் ஒரு கோர்ஸ் தொடங்கினார். தலைப்பு: இணையவழிப் படிப்பைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி. சுமார் 40,000 பேர் சேர்ந்தார்கள். குழுக்களாகப் பிரிவதற்கு கூகுள் ஸ்ப்ரெட்ஷீட்டில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் சில பத்துப் பேர் மட்டுமே திருத்தக்கூடிய தாளில் ஆயிரக்கணக்கானோர் பாய்ந்தால் என்ன ஆகும்? தாள் முடங்கியது. முதல் வாரத்திலேயே கோர்ஸை நிறுத்தி வைத்தார்கள். சிரிப்பு வந்தாலும், லோடு டெஸ்ட் செய்யாமல் எதையாவது வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட எந்தப் பொறியாளனும் இதைப் படித்து முழுசாகச் சிரிக்க மாட்டான்.

இன்னொன்று சிரிப்புக்கு இடமில்லாதது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் அந்த ஜனவரியில் யுடாசிட்டியுடன் சேர்ந்து மூன்று கணிதக் கோர்ஸ்களை 150 டாலர் கட்டணத்தில், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் விதமாகத் தொடங்கியது. சேர்ந்தவர்களில் அடிப்படைக் கணக்கில் ஏற்கெனவே தவறியவர்களும் உண்டு, பள்ளி மாணவர்களும் உண்டு. தேர்ச்சி, கோர்ஸைப் பொறுத்து, சுமார் 24 முதல் 51 சதவீதம். ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த நவம்பரில் த்ருன் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தங்கள் தயாரிப்பு சரியில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

யாருக்கு இந்த வசதி அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் இது குறைவாக உதவியது. 2015-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. ஹார்வர்டு, எம்ஐடி மூக்குகளில் சேர்ந்த அமெரிக்கர்கள், சராசரியைவிட வசதியான பகுதிகளில் வசிப்பவர்கள்.

ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணிய காலம்

இதற்குப் பிறகுதான் நிஜமான கண்காணிப்பு ஆரம்பிக்கிறது. மூக்கில் நாம் செய்யும் எல்லாமே சர்வரில் பதிவாகும். எந்த வீடியோவை எங்கே நிறுத்தினோம், எந்தக் கேள்விக்கு எத்தனை முறை முயன்றோம், எல்லாமே.

ஹார்வர்டும் எம்ஐடியும் தங்கள் முதல் 17 கோர்ஸ்களின் பதிவுகளை அலசி 2014 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டன. மொத்தப் பதிவுகள் 8,41,687. அதில் 2,92,852 பதிவுகளில் பாடத்தையே திறக்கவில்லை. 4,69,702 பதிவுகளில் பாடத்தில் பாதிக்கும் குறைவாகப் பார்த்தார்கள். 43,196 பேருக்குச் சான்றிதழ். இடையில் ஒரு கூட்டம் இருக்கிறது பாருங்கள்: பாதிக்கு மேல் படித்துவிட்டு, சான்றிதழ் வாங்காமலே போன 35,937. கிட்டத்தட்ட சான்றிதழ் வாங்கியவர்கள் அளவுக்கே இவர்களும் இருக்கிறார்கள். பழைய கணக்கில் இவர்களெல்லாம் தோற்றவர்கள்.

பிறகு ஹார்வர்டில் ஜஸ்டின் ரீச் ஒரு எளிய வேலை செய்தார். சேரும்போதே ‘எதற்காக வந்தீர்கள்?’ என்று கேட்டவர்களின் பதிலை முடிவுடன் ஒப்பிட்டார். முடிக்கவே வந்தேன் என்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேர் முடித்தார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றவர்களில் சுமார் 6 சதவீதம். அதாவது நோக்கம் தெரியாமல் சதவீதம் போடுவதில் அர்த்தம் குறைவு. அதே சமயம், முடிக்கணும்னு வந்தவர்களிலும் ஐந்தில் நாலு பேர் நழுவியிருக்கிறார்கள். இதை மறைக்கவும் கூடாது.

கண்காணிப்பு இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. ஒரே ஆள் இரண்டு கணக்குத் தொடங்கி, ஒன்றில் தப்பும் தவறுமாக விடையளித்துச் சரியான விடையைத் தெரிந்துகொண்டு, மற்றதில் அதைப் போட்டு மதிப்பெண் அள்ளுவது. 2015-ல் ஆய்வாளர்கள் 115 கோர்ஸ்களின் பதிவுகளில் இந்தத் தடத்தைத் தேடினார்கள். தடம் கிடைத்த 69 கோர்ஸ்களில் 1.3 சதவீதச் சான்றிதழ்கள் இப்படி வந்தவை என்று தெரிந்தது. 20 சான்றிதழுக்கு மேல் குவித்தவர்களிலோ கால்வாசிப் பேர் இந்த வழியைப் பயன்படுத்தியிருந்தார்கள்!

சென்னையில் எடுத்த வேறு பாதை

இங்கே நம் ஊர்க் கதைக்கு வரலாம். என்பிடெல் மூக் அலைக்கு முன்பே பிறந்தது. 1999-ல் சென்னை ஐஐடியில் நடந்த கலந்துரையாடல்களில் விதை விழுந்தது. 2003-ல் மத்திய அரசு நிதியுடன் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கின. அப்போது யூடியூப் கிடையாது. பாடங்கள் ஏகலவ்யா தொலைக்காட்சியில் வந்தன. கல்லூரிகளுக்கு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தும் போயின. நல்ல ஆசிரியர் கிடைக்காத பொறியியல் கல்லூரிகளில் அந்த வீடியோக்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்று, அப்படி ஒரு கல்லூரியில் பி.இ. படித்த எனக்குத் தெரியும். நான் படித்து முடித்த பிறகு வந்தது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

2014 மார்ச்சில் என்பிடெல் சான்றிதழ் கோர்ஸ்களைத் தொடங்கியது. படிப்பு இலவசம், வீட்டிலிருந்தே படிக்கலாம், வாராவாரம் அசைன்மென்ட். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, அடையாள அட்டையோடு தேர்வு மையத்துக்கு நேரில் போய் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் தேறணும்: 25-க்கு 10, 75-க்கு 30. வீட்டில் நடப்பதை ஓரளவுக்குத்தான் நம்ப முடியும் என்ற அனுபவ அறிவை அந்த 25:75-ல் நான் பார்க்கிறேன்.

கூடவே கல்லூரிகளில் ‘லோக்கல் சாப்டர்’ என்று அமைத்தார்கள். ஒரு பொறுப்பாசிரியர், கோர்ஸுக்கு வழிகாட்டி ஒருவர். ‘என்னப்பா, இந்த வார அசைன்மென்ட் போட்டியா?’ என்று கேட்க ஒரு ஆள். எந்த டேஷ்போர்டும் செய்யாத வேலை இது.

2016-ல் யுஜிசி, ஒரு பருவத்துப் பாடங்களில் 20 சதவீதம் வரை இப்படி இணையவழியில் படித்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி வகுத்தது. 2017 ஜூலை 9-ல் ஸ்வயம் தளம் முறைப்படி தொடங்கியது. 2021-ல் அந்த 20-ஐ 40 ஆக்கினார்கள்.

பணம் கட்டுவதற்கும் முடிப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க எண்களும் காட்டுகின்றன. ரீச்சும் ரூய்பெரஸ்-வாலியென்டேயும் 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஹார்வர்டு, எம்ஐடி கோர்ஸ்களில் 2017-18-ல் மொத்தத்தில் முடித்தவர்கள் 3.13 சதவீதம், பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். உறுதியாக இருப்பவன்தான் பணம் கட்டுகிறான் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

தேர்வு மையத்தில் ஒரு நாள்

சில வருடம் முன்னால் நானும் ஒரு என்பிடெல் தேர்வு எழுதினேன். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. வரிசையில் முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்து, ‘சார், நீங்க இன்விஜிலேட்டரா?’ என்றான். ‘இல்லப்பா, நானும் எழுதத்தான் வந்தேன்’ என்றதும் சட்டென்று வழிவிட்டு, ‘எந்த யூனிட் சார் முக்கியம்?’ என்று கேட்டான். அவன் கிரெடிட்டுக்காக வந்தவன். அசைன்மென்ட் விடையெல்லாம் குரூப்பில் வந்துவிடும் என்றும், இந்தப் பரீட்சைக்குத்தான் படித்தேன் என்றும் வெள்ளந்தியாகச் சொன்னான். இருவரும் தேர்ச்சி பெற்றிருந்தால், என்பிடெல் கணக்கில் நாங்கள் இருவரும் ஒன்றுதான்.

2011-ல் நான் பாதியில் விட்ட கோர்ஸ் என் வேலையை மாற்றியது. முடித்த கோர்ஸ் ஒரு சான்றிதழ் தந்தது. அதில் பாதி மறந்தும் போச்சு. ஆனால் தேதியும் கட்டணமும் மையமும் இல்லையென்றால் அதையும் முடித்திருக்க மாட்டேன். எனவே நேரில் தேர்வு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பட்டத்தில் சேர்க்கிறோம் என்றால் அது வேண்டும்தான்.

என் கவலை வேறு. 40 சதவீதம் வரை கிரெடிட் என்றான பிறகு, முடித்தோர் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். 2012-ல் ஒன்றரை லட்சம் என்ற எண்ணைப் பார்த்து எப்படி மயங்கினார்களோ, அதே மாதிரி இந்த எண்ணைப் பார்த்து நாம் மயங்கிவிடக் கூடாது. கோர்ஸ் முடிந்து ஆறு மாதம் கழித்து ‘இதில் எதையாவது பயன்படுத்தினீர்களா?’ என்று ஒரு மின்னஞ்சல் போதும். அதற்கு முடித்தவர்களோடு சேர்த்து, நாலாவது வாரத்தில் விட்டுப்போனவர்களையும் கேட்க வேண்டும். 2011-ல் என்னை யாராவது கேட்டிருந்தால், அந்தப் புகார் டிக்கெட் நிரலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியனுப்பியிருப்பேன்.