கையறியும் புட்டியும் கைதி அறியா மருந்தும்

பழைய மருந்துக் கடைகளின் அலமாரிகளில் நீலமும் பச்சையுமான கனத்த கண்ணாடிப் புட்டிகளை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். அவற்றின் மேற்புறத்தில் வரிவரியாய் மேடுகள் இருக்கும். இருளில் மருந்து தேடுவோன், கைபட்டதுமே 'இது நஞ்சு' என்று உணர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் 1851இல் பாடாண விற்பனைக்கும், 1868இல் பிற நச்சுப் பொருள்களின் விற்பனைக்கும் சட்டங்கள் பிறந்தன. வாங்குவோன் அறிந்து வாங்கவேண்டும் என்பதே அவற்றின் கருத்து.

ஆயின், அறியவும் மறுக்கவும் உரிமையற்றவனுக்கு மருந்து புகட்டப்பட்டால் என்னாகும்? விடை காண நாம் அந்தமானுக்குச் செல்லவேண்டும்.

1858 மார்ச்சில், கைதிகள் இருநூற்றுவருடன் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் போர்ட் பிளேயரில் கரையிறங்கினார். அவ்வூர் இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. காடழித்த கைதிகளைக் குளிர்காய்ச்சல் வாட்டியது.

அக்காய்ச்சலுக்கு மருந்து சின்கோனாப் பட்டை. அதிலிருந்து கொயினாவை 1820இல் பாரிசு நகர அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். தென்னமெரிக்காவுக்குரிய அம்மரத்தை 1860 முதல் நம் நீலகிரியிலே ஆங்கிலேயர் பயிரிட்டனர். நடுவட்டத் தோட்டத்தில் உழைத்தோருள் சீனக் கைதிகளும் இருந்தனர். பட்டையில் கொயினாவுடன் சின்கோனின் முதலிய வேறு சத்துக்களும் உண்டு. அவற்றின் ஆற்றலை 1866 முதல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தன.

1880ஆம் ஆண்டளவில் அந்தமான் கைதிகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சின்கோனாச் சத்து கட்டாயமாகப் புகட்டப்பட்டது. அளவு மிகின் இம்மருந்து குமட்டலையும் காதிரைச்சலையும் தரும்; மேலும் மிகின் கண்பார்வையைக் கெடுக்கும், இதயத்தையும் தாக்கும். உண்டவரின் இசைவை எவரும் கேட்கவில்லை. சுதந்திரமாய் வாழ்ந்தோனுக்கு எச்சரிக்கை சொல்லப் புட்டியின் வரிமேடாவது இருந்தது. கைதிக்கு அதுவும் இல்லை.

கொயினா பல உயிர்களைக் காத்த மருந்து என்பதை நாம் மறுக்கவில்லை. நம் சித்த மருத்துவரும் இரசத்தையும் பாடாணத்தையும் மருந்தாக்கியவரே. ஆயினும் சுத்தியும் அளவும் பத்தியமும் தவறலாகாது என்று வகுத்தனர். அவற்றுடன் உண்பவனின் சம்மதமும் சேரவேண்டும். புதுமருந்துச் சோதனைக்கு உட்படுவோரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறவேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் இந்திய விதிகள் கட்டளையிடுகின்றன.

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புட்டியின் எழுத்து புரியாவிடில், பெயரையும் அளவையும் கேட்டறிந்தே மருந்தை உட்கொள்வோம். அன்று அந்தமானில் கேட்க இயலாதிருந்த கேள்வி அது.