சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானத் தடம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தையும் எங்கும் தரையிறங்காமல் இணைக்கும் பயணிகள் விமானத் தடம் இது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்துகிறது. இரு நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,345 கி.மீ. பயண நேரம் 18½ மணியை ஒட்டி அமைகிறது. உலகில் வழக்கமாக இயங்கும் நேரடித் தடங்களில் இதுவே மிக நீளமானது.

இந்தத் தூரத்தை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை அடுத்தும், நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையை அடுத்தும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 180. அதாவது, இரு நகரங்களும் பூமி உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஆகவே அவற்றுக்கிடையே மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபுறம் தெற்கே இறங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம்வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்வரை 49.4 பாகை; ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் மேற்சொன்ன தூரம் கிடைத்துவிடும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இந்த வழி கண்ணுக்கே படாது.

ஆனால் விமானங்கள் பெரும்பாலும் அந்த வழியில் செல்வதில்லை. தரையிலிருந்து 10 கி.மீ.க்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு. அதன் உதவி கிடைக்குமென்றால் பசிபிக் கடலின் மேலாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிப் போவதும் லாபமே. அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதை வகுக்கப்படுகிறது. பயண நேரத்தைத் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்லும் கணக்கு எதுவும் இந்தத் தடத்துக்குப் பொருந்தாது.

நியூயார்க்குக்கு அருகிலுள்ள நியூவார்க் நகருக்கு 2004 ஜூனில் இதே நிறுவனம் நேரடிச் சேவையைத் தொடங்கியது. நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 அதில் பறந்தது. நெடுந்தொலைவுப் பயணத்தில் விமானம் சுமக்கும் எரிபொருளின் எடையைத் தூக்கவே கணிசமான எரிபொருள் எரிகிறது. 2008இல் இருக்கைகளை 100ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் பிசினஸ் வகுப்பாக மாற்றியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது.

இரட்டை இயந்திர ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகு, 2018 அக்டோபர் 11 அன்று நியூவார்க் சேவை மீண்டும் தொடங்கியது. கென்னடி நிலையத்துக்கான நேரடிச் சேவை 2020 நவம்பரில் வந்தது. இந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எரிபொருளின் எடை ஏறத்தாழ 130 டன். புறப்படும்போது அனுமதிக்கப்படும் மொத்த எடையே 280 டன்தான். அதனால்தான் 161 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். எகானமி வகுப்பே கிடையாது. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு பிராங்க்ஃபர்ட்டில் நின்று செல்லும் இன்னொரு சேவை உண்டு.

அமெரிக்கக் கோடையில் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவில் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதியின் காலை 6 மணி. அங்கிருந்து நள்ளிரவில் திரும்பினால், சிங்கப்பூர் சேரும்போது மறுநாள் காலை 6 மணி.