இலங்கை உறவுகளுக்கு இங்கே சிறுநீரகம் கிடைக்குமா?

வானூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போனால் வழியில் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் ‘மறுவாழ்வு முகாம்’ என்கிறார்கள். அங்குள்ள ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்தால் என்ன வழி? காத்தான்குடியிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை வரும் நம் சொந்தங்களுக்கும் இதே கேள்விதான்.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-ல் திருத்தப்பட்டது. பெறுபவர் வெளிநாட்டவர், கொடுப்பவர் இந்தியர் என்றால் இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தே ஆக வேண்டும். அப்போதும் அனுமதிக் குழுவின் முன் ஒப்புதல் தேவை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரே நெருங்கிய உறவினர். மாமாவும் சாச்சாவும் மச்சானும் அதில் இல்லை. இந்தியர்களுக்குள் என்றால் அன்பின் பேரில் அவர்கள் கொடுக்கக் குழு அனுமதிக்கலாம். இங்கே அதற்கு இடமே இல்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஏழைகள் சிறுநீரகம் விற்றதால் சென்னை வில்லிவாக்கத்துக்கே ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்தது. 1988-ல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமியும் நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்தது, விற்பனையைத் தடுத்தது. எனவே சட்டத்தின் நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை.

சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. 2014 விதிகளின்படி, அந்த உறவை நோயாளியின் நாட்டுத் தூதரக உயரதிகாரி சான்றளிக்க வேண்டும். போருக்குத் தப்பி வெறுங்கையோடு படகேறியவர் அதே நாட்டின் தூதரகத்தில்தான் போய் நிற்க வேண்டும்! அகதிக்கென்று தனி வழி எதையும் சட்டம் சொல்லவில்லை.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் 2008 முதல் தமிழகத்தில் அரசு வரிசைப்படி வழங்கப்படுகின்றன. அதில் வெளிநாட்டவருக்குக் கடைசி இடம். இந்தியர் எவரும் பொருந்தாதபோதே அவர்கள் முறை வரும். 2018-ல் வெளிநாட்டவருக்கு இதயங்கள் போனது பெரும் சர்ச்சையானது. 2023-ல் மத்திய அரசு, எந்த மாநிலத்தவரும் எங்கும் பதியலாம் என்றது. அந்தத் தளர்வு மாநில எல்லைக்குத்தான், குடியுரிமைக்கு அல்ல.

முகாம்வாசிகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பின்றி இடம் உண்டு. செலவுக்கு வழி விட்ட அரசு, உறுப்புக்கும் வழி காட்டலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

இலங்கைப் பெண்ணை மணந்த நம் பிள்ளைகள் ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தோடு நின்றுவிடாமல் திருமணத்தை அரசிலும் பதிந்து வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் இருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அனுமதிக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.