எருமை இறைச்சியும் நம் வரலாறும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபொழுது, நம் வீடுகளில் உண்ணப்படுவதும் வெளியே சொல்லக் கூசுவதுமான ஒரு பொருளைப் பற்றியே எழுதுவதென்று துணிந்தேன். எருமை இறைச்சியே அப்பொருள். "நேற்று உன் வீட்டில் என்ன குழம்பு?" என்று மாணவர் ஒருவரையொருவர் கேட்குங்கால் தலைகுனியும் நம் பிள்ளைகளை என் பணிக்காலம் முழுவதும் கண்டு வருகிறேன். அத்தலைகுனிவுக்குக் காரணம் உணவா, அன்றி வரலாறா என்பதை நம் இளைஞர்கள் தெளிதல் வேண்டும்.

கீழடி கூறும் செய்தி

நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புகளுள் 70 மாதிரிகள் புனே தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டன. மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு, மான், காட்டுப்பன்றி, மயில் முதலியவற்றின் எலும்புகள் அவற்றுள் இருந்தன என்றும், பாதிக்கு மேற்பட்டவை மாடு, எருமை, ஆடு ஆகியவற்றுக்கு உரியவை என்றும் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. வெட்டுத் தழும்புள்ளவையாக அவ்வறிக்கை எடுத்துக்காட்டுவன மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகளே. எனவே எருமையைப் பற்றி அவ்வளவு உறுதியாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் வைகைக் கரையில் எருமை வளர்க்கப்பட்டது என்பதும், அங்கு வாழ்ந்தோர் ஊன் உண்டனர் என்பதும் ஐயமற்றவை. கொழுத்த ஆவின் ஊனை உண்ட மழவரை அகநானூறும் குறிப்பிடுகின்றது. ஊன் உண்பது அன்று இழிவின் அடையாளமாகக் கருதப்படவில்லை.

அறுத்ததும் செத்ததும்

பின்னர் இழிவு எங்ஙனம் வந்து சேர்ந்தது? அண்ணல் அம்பேத்கர் 1948 இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர் யார்?' என்னும் ஆய்வு நூலில் இதற்கு விடை காண முயன்றார். பிறர் மாட்டிறைச்சியைக் கைவிட்ட பின்னரும், வறுமையின் காரணமாகச் செத்த மாட்டின் இறைச்சியை உண்ண நேர்ந்த மக்கள் மீதே தீண்டாமை சுமத்தப்பட்டது என்பது அவர் முடிபு. அறுத்த இறைச்சி வேறு, செத்த இறைச்சி வேறு என்னும் இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

செத்த மாடு நம்மவர் விரும்பித் தேடிய உணவன்று. நம் பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1931 இல், ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது 11 கட்டுப்பாடுகளை விதித்தனர். நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்க மட்டுமே வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். ஜே. எச். ஹட்டன் 1946 இல் வெளியான தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். உயிரோடிருந்த மாட்டை மேய்த்தவரே செத்த மாட்டையும் இழுக்க வேண்டியவராயினர்.

நான் தொடக்கப் பள்ளியில் பயின்ற நாளில் நடந்த ஒன்றைக் கூறுகின்றேன். ஒரு பண்ணையில் எருமையொன்று இரவோடிரவாக மாண்டது. என் பாட்டனாருக்கு ஆள் வந்தது. இழுத்துப் போடுவது அவர் கடமை, இறைச்சி கூலி, தோல் பண்ணைக்கு. எருமையின் மூக்கில் கறுத்த இரத்தம் உறையாமல் கசிவதைக் கண்ட பாட்டனார், "இது அடைப்பான், கத்தி படக்கூடாது" என்றார். தோல் வேண்டும் என்று பண்ணையார் வற்புறுத்தினார். மறுக்க இயலாமல் என் சிறிய தந்தையார் உரித்தார். சில நாட்களில் அவர் முன்கையில் வலியற்ற கொப்புளம் ஒன்று தோன்றி, நடுவே கரிபோல் கறுத்த பொருக்காயிற்று. அரசு மருத்துவமனையின் பென்சிலின் ஊசி அவரைக் காத்தது. தழும்போ இறுதிவரை மாறவில்லை.

பள்ளி சென்றறியாத என் பாட்டனார் கூறியது விஞ்ஞானத்துக்குப் பொருந்திய உண்மையாகும். அடைப்பான் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரின் வாழ்க்கை முறையை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1876 இல் விளக்கினார். பிணத்தைக் கீறியவுடன் காற்றுப்பட்டு அக்கிருமி வித்துகளாக மாறுகின்றது. அவ்வித்துகள் மண்ணில் பல்லாண்டு அழியாமல் கிடக்கும். சாதாரணக் கொதிப்பினால் அவற்றை முற்றிலும் அழித்துவிட முடியும் என்று நம்புவதற்கில்லை. உப்புக்கண்டம் போடுவதாலும் அவை சாவதில்லை.

1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழிக்குமாறு அம்பேத்கர் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை மானத்தைக் காத்தது; உடல் நலத்தையும் காத்தது.

நல்ல இறைச்சியின் இலக்கணம்

எருமை இறைச்சி கருஞ்சிவப்பு நிறமுடையது. அதன் கொழுப்பு வெண்மையானது. தசைகளுக்கிடையே கொழுப்பு குறைவு. புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. இத்துணைச் சிறந்த உணவு கெடுவதும் நலம் பயப்பதும் அதனைப் பக்குவப்படுத்தும் முறையைப் பொறுத்தனவாகும்.

அறுப்பதற்கு முன் மாட்டுக்கு ஓய்வும் தண்ணீரும் தருதல் வேண்டும். அமைதியாக இருந்த மாட்டின் தசையில் பிராணி மாவுச்சத்து மிகுந்திருக்கும். அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, இறைச்சி விரைவில் கெடாமல் தடுக்கும். அடித்து விரட்டப்பட்ட மாட்டில் அச்சத்துத் தீர்ந்துவிடுவதால் இறைச்சி கறுத்து விரைவில் கெடும். இரத்தம் முழுவதும் வடிதல் வேண்டும். குடல் கிழியாமல் அகற்றப்படுதல் வேண்டும். தானே செத்த மாட்டில் இரத்தம் வடிவதில்லை. குடற்கிருமிகளும் தசைக்குள் பரவிவிடுகின்றன. மேலும், கண்மாய்க் கரைகளில் மேயும் எருமைகளின் ஈரலில் தட்டைப்புழு இருத்தல் கூடும். எனவே அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதித்தல் இன்றியமையாதது.

சட்டமும் உரிமையும்

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958 இல் இயற்றப்பட்டது. இதன்படி, 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றதாகிவிட்ட எருமையையோ, காயத்தாலோ தீரா நோயாலோ நிலையாகப் பயனற்றுப் போனதையோ சான்றிதழ் பெற்று அறுக்கலாம். பசுவை அறுப்பது 1976 இல் அரசாணையால் தடுக்கப்பட்டது. எருமைக்கு அத்தடை இல்லை.

எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்னணியில் உள்ளது. 2014-15 இல் மட்டும் 14 இலட்சம் டன்னுக்கு மேல் கடல் கடந்து சென்றது. அவ்விறைச்சி மருத்துவச் சோதனைக்குப் பின் 24 மணி நேரம் குளிரில் வைக்கப்பட்டு, எலும்பும் நிணநீர்ச் சுரப்பிகளும் நீக்கப்பட்டு உறையவைக்கப்படுகின்றது. அயல்நாட்டார் உண்பதற்கு இத்துணைக் காப்பு உண்டெனில், நம் தெருவில் நாம் வாங்கும் இறைச்சிக்கு ஏன் இருத்தல் கூடாது? இறைச்சிக்கூடங்களை ஒழுங்குபடுத்துவது நகராட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றென, 1992 ஆம் ஆண்டின் 74 ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 12 ஆம் அட்டவணை கூறுகின்றது. அதனைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமையாகும்.

அன்பார்ந்த இளைஞர்களே! எருமை இறைச்சியை உண்பதும் விடுப்பதும் உங்கள் விருப்பம். உண்பீராயின் சோதித்து அறுத்ததையே வாங்குங்கள். நன்கு வேகவைத்து உண்ணுங்கள். திடீரென மாண்ட மாட்டைக் கீறவோ உரிக்கவோ எவர் பணித்தாலும் மறுத்துவிடுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி சொல்லி, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கச் செய்யுங்கள். மறுக்கும் உரிமை என் பாட்டனாருக்கு இருக்கவில்லை, உங்களுக்கு உண்டு. மாடு மேய்க்க மட்டுமே என்று விதிக்கப்பட்ட குலத்தின் பிள்ளைகள் கால்நடை மருத்துவம் பயின்று, இறைச்சியின் நலத்தைச் சான்றளிக்கும் இடத்தில் அமர வேண்டும். நம் கல்விச் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணிகளுள் இதுவும் ஒன்றாகுக!