குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டால்: சி.டி. ஆஞ்சியோகிராம் தாமதமாகக் கூடாதது ஏன்?

நோயாளி வயிற்று வலியால் துடிக்கிறார். மருத்துவர் அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் திடீரெனத் தடைபடுவதன் தொடக்க அறிகுறி பெரும்பாலும் இந்த முரண்பாடுதான். வாயுத் தொல்லை என்று கருதப்பட்டு, விலைமதிப்பற்ற நேரம் வீணாவதும் இங்கேதான்.

சிறுகுடலின் பெரும்பகுதிக்கு இரத்தம் வழங்கும் மேல் குடல் தமனி, மகாதமனியிலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கிப் பிரிகிறது. எனவே இதயத்தில் உருவாகும் இரத்தக்கட்டி அதற்குள் எளிதில் புகுந்துவிடும். திடீர் அடைப்புகளில் ஏறக்குறைய பாதி இவ்வகையே. சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவில் அதை முதலிலேயே தெரிவிப்பது அவசியம். தமனியில் படியும் கொழுப்பு, சிரையில் ஏற்படும் உறைவு, தீவிர சிகிச்சையில் இருப்போருக்கு இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை பிற காரணங்கள்.

முழு அடைப்பு ஏற்பட்டால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் மீட்க இயலாத நிலையை அடையலாம். சிகிச்சை தாமதமானால் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர்.

சாதாரண எக்ஸ்ரே தொடக்கத்தில் எதையும் காட்டாமல் போகலாம். அல்ட்ராசவுண்டைக் குடல்வாயு மறைத்துவிடும். நரம்பு வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஆஞ்சியோகிராம், அடைப்பின் இடத்தையும் குடல் சுவரின் நிலையையும் சில நிமிடங்களில் காட்டும். குடிக்கும் சாயம் தேவையில்லை. அது தாமதத்தையே கூட்டும். சிறுநீரகச் செயல்பாட்டை அறிய கிரியாட்டினைன் முடிவுக்காகக் காத்திருப்பதும் இங்கு பொருந்தாது. சிறுநீரகப் பாதிப்பைவிடக் குடல் அழுகலே பேராபத்து. இரத்தத்தில் லாக்டேட் இயல்பாக இருப்பதை வைத்தும் இந்நோய் இல்லை என்று கூற முடியாது. குடல் சுவரில் வாயு தென்படுவது பெரும்பாலும் காலம் கடந்ததன் அடையாளம்.

நோய் உறுதியானதும் ஹெப்பாரின், நரம்புவழி திரவம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தொடங்கப்படும். குடல் இன்னும் அழுகாதிருந்தால், குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுக்கலாம் அல்லது ஸ்டென்ட் பொருத்தலாம். வயிறு விறைத்துவிட்டால் அறுவை சிகிச்சையே வழி. இரத்த ஓட்டத்தைச் சீராக்கி, இறந்த பகுதி மட்டும் அகற்றப்படும். எஞ்சிய குடல் பிழைத்துள்ளதா என அறிய 24 முதல் 48 மணி நேரத்தில் வயிறு மீண்டும் திறந்து பார்க்கப்படுவதுண்டு. சிரை உறைவு பெரும்பாலும் ஹெப்பாரினிலேயே கட்டுப்படும்.

தமனி மெல்ல மெல்லச் சுருங்கும் நாள்பட்ட வகையில், உண்ட சிறிது நேரத்தில் வலி தொடங்கும். உணவுக்கு அஞ்சியே நோயாளி மெலிகிறார். புற்றுநோயைத் தேடி எண்டோஸ்கோப்பிகள் பல முடிந்த பின்னரே சிலருக்குத் தமனி நினைவுக்கு வருகிறது. இவர்களுக்கு ஸ்டென்ட் நல்ல பலன் தருகிறது.